பதினோரு டேக்

பதினெட்டு நாள் வாடகைக்குப் போனது வீடு.
அருமனைக்கு மேற்கே, ரப்பர் தோட்டம் முடிகிற வளைவில்
நிற்கிற பழைய ஓட்டு வீடு.
நாலைந்து வீடு பார்த்து, இது மதி என்றார்களாம்
கொச்சிக்காரர்கள்.
பார்த்தால் ஒரு குடும்பம் இருக்கிற மாதிரி இருக்கிறதாம்.

ஆள் வருகிறதென்று இரண்டு நாள் தேய்த்து
நான் வெளுக்கவைத்த பானைக்கெல்லாம்
ஒரு பையன் குந்தியிருந்து கரி பூசினான்.
குறை சொல்லக்கூடாது,
என் கரியைவிட அவன் கரி நம்பும்படி இருந்தது.

நாங்கள் சி.எஸ்.ஐ.
வசனக் காலண்டரை இறக்கிவிட்டு
சிவப்பு பல்பு எரிகிற திருஇருதயப் படம் மாட்டினார்கள்.
ஞானதாஸ் முகம் சுளித்தார்.
முன்பணத்தை எண்ணி முடிக்கையில்
சுளிப்பைக் காணோம்.

பங்குனி வெயிலில் மழை கேட்டார்கள்.
டேங்கர் லாரியில் வந்தது மழை.
ஓட்டில் கொட்டி, முற்றத்தில் ஓடி,
கொடியில் கிடந்த ரப்பர் ஷீட்டையும் நனைத்துவிட்டது.
குடும்பம் என்றால் அவர்களுக்கு மழை பெய்யவேண்டும்,
ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி
ஒருத்தி அதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.
நான் மழையைப் பார்த்ததில்லை.
மழை வந்தால் துணிக்கும் விறகுக்குமாய் ஓடியிருக்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டுக் காட்சி.
கேமராவுக்கு முன்னால் வைத்த மரச்சீனியும் சாளைக் குழம்பும்
நான் வைத்தது.
அவர்கள் கொண்டுவந்ததில் ஆவி பறக்கவில்லையாம்.
எல்லாரும் தின்றெழுந்த மேசையில்
அம்மாவாக நடித்தவள் தனியாக வந்து உட்காருகிறாள்.
கை கழுவப் போன அப்பா பாதியில் திரும்பி,
"நீ கழிச்சோ?"
சாப்பிட்டாயா என்றுதான்.
வேறொன்றுமில்லை.

ஒரு தடவை குரல் சரியில்லை.
ஒரு தடவை தோட்டத்தில் நாய்.
ஒரு தடவை அவள் சிரித்துவிட்டாள்.
பதினோரு தடவை கேட்டார் அந்த மனுஷன்,
பதினோரு தடவையும் அப்போதுதான் நினைவு வந்தவர்போல.
ஜெனரேட்டர் ஒயருக்கு இந்தப்பக்கம்
கரண்டியோடு நின்ற நான்
ஒவ்வொரு தடவையும் வாய்க்குள் சொன்னேன்:
இல்லை.
இன்னும் இல்லை.

மானிட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு
ஞானதாஸும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.
சாயா வந்ததா என்று கேட்டார், என்னிடம்.

ஆவணியில் படம் வந்தது.
மார்த்தாண்டத்தில் முதல் காட்சிக்குக் குடும்பத்தோடு போனோம்.
தமிழில் எழுத்து ஓடவில்லை,
இங்கே யாருக்கும் அது வேண்டவும் வேண்டாம்.
"அது நம்ம ஃபேனாக்கும்," என்றார் சத்தமாக.
"அந்தக் கதவு தேக்கு, எங்க அப்பா போட்டது."
முன்வரிசையில் யாரோ திரும்பி முறைத்தார்கள்.

மேசை வந்தது. அவள் உட்கார்ந்தாள்.
அப்பா எழுந்து போனார், திரும்பினார்,
பார்த்தார்.
மழை.
அடுத்த காட்சி கோவளமோ எங்கேயோ, கடல்.

இருட்டில் பிரிஜிலா என் காதோடு கேட்டாள்:
"அம்மா, அந்த டயலாக் எங்க?"
அவளும் எண்ணியிருக்கிறாள்.
வெட்டிவிட்டார்கள் மக்களே, என்றேன்.
வெளியே வரும்போது ஒரு பையன் சொல்லிக்கொண்டு போனான்,
என்ன படம்,
ஒன்றுமே பேசாமல் எல்லாம் பேசிவிட்டார்கள் என்று.
பேசாமலிருப்பதைப் பார்க்க
டிக்கெட் எடுத்தா போகவேண்டும்?

அவள் நாற்காலி நகராமலிருக்க
தரையில் ஒட்டிய மஞ்சள் டேப்
மேசைக்கடியில் இன்னும் இருக்கிறது.
துடைக்கும்போது சுற்றித் துடைப்பேன்.

அன்று ராத்திரி நாற்காலியை
அந்த அடையாளத்தில் இழுத்துப் போட்டேன்.
பெரிய துண்டு மீனாகப் பார்த்து எனக்கு எடுத்துவைத்தேன்.
உடுப்பு மாற்றி வந்த ஞானதாஸ்
அடுக்களை வாசலில் நின்றார்.
மேசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
வாய் லேசாகத் திறந்தது,
வசனம் மறந்துபோனவர் மாதிரி.

நான் எடுத்துக்கொடுக்கவில்லை.